ஏழாம் வினாவுக்கு ஒரு பூச்சியம்

சென்ற ஆவணியில் இளம் விஞ்ஞான ஆசிரியர்கள் மூவர் என் வீட்டுக்கு வந்தார்கள். மனிதன் சந்திரனில் கால் வைத்த செய்தியின் சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. அதையொட்டி ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். வன்னியில் விஞ்ஞானக் கல்வி வளர்ந்த கதையை நான் எழுதித் தரவேண்டுமாம். ஓய்வுபெற்ற வித்தியாதரிசிக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். பாடசாலைகளுக்குப் போய், கதிரையில் இருந்து, தேநீர் குடித்து, குறை கண்டு அறிக்கை எழுதுவதுதான் வித்தியாதரிசியின் தொழில். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் குறையை எழுதிய கை இது. இம்முறை என் குறையை எழுதப் போகிறேன். மலருக்கு உதவாவிட்டால் தம்பிமார் திருப்பித் தரட்டும், கோபிக்க மாட்டேன்.

நான் விஞ்ஞானம் படித்த கதை சிறியது. ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம். அங்கே ஒளித்தெறிப்பு விதியைக் கரும்பலகையில் படித்தேன். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதன் விம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் தெரியும் என்பது அது. கண்ணாடி இருக்கவில்லை. விரிவுரையாளர் வெண்கட்டியால் கோடு கீறினார், நாங்கள் பென்சிலால் கீறினோம். பிறகு வவுனியாப் பக்கத்துப் பாடசாலைகளில் அதே கோட்டை நான் கீறினேன், பிள்ளைகள் கீறினார்கள். பரீட்சையில் கோடு நேராக இருந்தால் முழுப்புள்ளி. இப்படி நன்றாகப் படிப்பித்ததற்காகவே என்னை வித்தியாதரிசியாக உயர்த்தினார்கள்.

உருசியா வானத்தில் ஒரு கோளை ஏவி அது உலகைச் சுற்றியபோது நான் வன்னியில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கோள் எங்களை என்ன செய்யும் என்று அப்போது தெரியாது. அமெரிக்கா பயந்து போய், தங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதாது என்று பாடசாலைகளைத் திருத்தத் தொடங்கியது. பெரியவர்கள் திருத்தினால் நாங்கள் சும்மா இருக்கலாமா? உருசியன் ஏவினான், அமெரிக்கன் பயந்தான், நாங்கள் சுற்றுநிருபம் அனுப்பினோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் கல்விக் கந்தோருக்கும் அது கொண்டாட்டக் காலந்தான். ஒரு நாட்டு உதவிப் பெட்டியில் தராசு வந்தது, மறு நாட்டுப் பெட்டியில் படப்புத்தகம் வந்தது. ஒரு நாட்டு விருந்தினர் வரும் நாளில் மற்ற நாட்டுப் பெட்டியைத் தேநீர் காய்ச்சும் குசினிக்குள் வைத்துவிடும்படி ஒரு தலைமை ஆசிரியருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொரு பாடசாலையிலும் ‘விஞ்ஞான மூலை’ ஒன்று வேண்டும் என்றது முதலாவது சுற்றுநிருபம். மூன்று மாதத்துக்குள் வன்னி முழுவதும் மூலைகள் தோன்றின. எல்லா மூலையிலும் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு, ஒரு குளவிக் கூடு, போத்தலுக்குள் ஒரு பாம்பு. மூலை இல்லாத பாடசாலை ஒன்றே ஒன்று. அது அக்கராயன் குளத்து வாய்க்காலுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே இருந்தது. அதன் தலைமை ஆசிரியர் பண்டிதர் நாகமணி.

பண்டிதர் பழைய முறையில் தமிழ் கற்றவர். ஒரு பொருளுக்குத் தமிழில் எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிடுவார். நான் போன அன்று பிள்ளைகள் வயலுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “செய், செறு, பழனம், கழனி, பணை” என்று ஒரே குரலில் கூரை அதிர்ந்தது. அடுத்தது சந்திரனுக்கு. “மதி, திங்கள், அம்புலி.”

நான் கதிரையில் இருந்தபடியே கேட்டேன். “பண்டிதர், மேலை அவங்கள் கோள் விடுறாங்கள். நீங்கள் இன்னும் வயலுக்குப் பேர் வைச்சுக்கொண்டு இருக்கிறியளோ?”

“வயலுக்குத்தானே ஐயா நாங்கள் வந்து குடியேறினனாங்கள்,” என்றார் அவர். “பேர் தெரிஞ்சு இறங்கினால் என்ன குறை?”

பிள்ளைகள் சிரித்தார்கள். பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் நான் எழுதினேன்: ‘காலத்துக்கு ஒவ்வாத மனனப் பயிற்சி. உடன் நிறுத்தப்பட வேண்டும்.’ அவர் அதை வாசித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ‘பார்த்தேன்’ என்று கையெழுத்து வைத்தார்.

இரண்டு வருடம் கழித்துப் பெரிய திட்டம் வந்தது. பெருந்தெருவோரம் ஒரு பாடசாலையில் புதிய ஆய்வுகூடமும் விடுதியும் கட்டினார்கள். வன்னிப் பிள்ளைகளில் பத்துப் பேரைப் பரீட்சை வைத்துத் தெரிவுசெய்து, விடுதியில் இருத்தி, மேல்வகுப்புவரை விஞ்ஞானம் படிப்பிப்பது திட்டம். அந்தக் காலத்தில் அக்கராயனில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்பிள்ளைக்கு அதற்கு மேல் வேறு வழி கிடையாது. யாழ்ப்பாணத்தில் இனசனம் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பத்து இடந்தான்.

வினாத்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கந்தோரில் விஞ்ஞானம் படித்தவன் நான் ஒருவன்தான். வெளிநாட்டில் ஆறுமாதப் பயிற்சிக்கு என் பெயரும் கொழும்புக்குப் போயிருந்த நேரம் அது. கேள்விகள் புதுமையாக இருக்கவேண்டும், மேலிடம் பார்த்து வியக்கவேண்டும் என்று விரும்பினேன். செயற்கையாகச் செய்து வானில் விட்ட மதிக்குப் பத்திரிகையில் யாரோ ‘செய்மதி’ என்று எழுதியிருந்தார்கள். அழகான சொல். நான் அதை வெட்டி வைத்திருந்தேன். ஏழாம் வினா இப்படி அமைந்தது: ‘செய்மதி என்றால் என்ன? அதன் இயக்கம் பற்றி நீ அறிந்ததை எழுதுக.’ பத்துப் புள்ளி.

பத்திரிகை போகாத ஊர்களுக்கு அந்தச் சொல் போயிருக்குமா என்று நான் யோசிக்கவில்லை. வானொலிப் பெட்டி இல்லாத பாடசாலைகளின் பட்டியல் என் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. நான்தான் அதைத் தயாரித்தவன்.

விடைத்தாள் திருத்தும் வேலைக்குத் தலைவர் சவரிமுத்து ஐயா. எனக்கு மேலதிகாரி. முல்லைத்தீவுக் கரையில் கடல்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, தமிழும் சரித்திரமும் படித்து மேலே வந்தவர். விஞ்ஞானம் தனக்குத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லுவார். அப்படிச் சொல்லும் அதிகாரியை நான் வேறு காணவில்லை. விடைத்தாள் கட்டுகளை அவரே கட்டுவார். வலை முடிகிறவர்களின் முடிச்சு அது. எங்கள் ஒருவருக்கும் அவிழ்க்க வராது. காலையில் அவர் வந்து அவிழ்த்தால்தான் வேலை தொடங்கும். விடைத்தாளில் பிள்ளையின் பெயர் இராது, இலக்கம் மட்டும். ஒரு வினாவுக்கு முழுப் பூச்சியம் போட்டால் அந்தத் தாளை அவரிடம் காட்டி, அவருடைய சிறுகையெழுத்து வாங்கவேண்டும். “பிள்ளை ஒண்டுமே எழுதாட்டிச் சரி. எழுதியிருந்தால் ஒண்டுமில்லையெண்டு ரெண்டு பேராவது சொல்லவேணும்,” என்பார். ஒரு கேள்வி குழப்பமானது என்று தெரிந்தால் அதை எல்லாருக்கும் நீக்கிவிட்டு மொத்தத்தைத் திருப்பிக் கூட்டவேண்டும், காரணத்தை மேலிடத்துக்கு எழுதவேண்டும். முடிவில் ஒவ்வொரு பாடசாலைக்கும், எந்தப் பிள்ளை எந்த வினாவில் எத்தனை எடுத்தது என்று ஒரு சீட்டுப் போகும். தோற்ற பிள்ளைக்கு எதில் தோற்றோம் என்று தெரியவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இரண்டாம் நாள் என் கைக்கு இருபத்துமூன்றாம் இலக்கம் வந்தது. ஆறு வினாவும் நன்றாக எழுதியிருந்த பிள்ளை. ஏழாம் வினாவுக்கு எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். அந்தத் தாள் இதை எழுதும்போதும் என் மேசையில் இருக்கிறது.

‘செய்மதி என்பது செய்யில் தோன்றும் மதியாகும். செய் என்றால் வயல். உழுது மட்டம் பார்த்த வயலில் தண்ணீர் நிற்கும்போது இதைக் காணலாம். நாம் வரம்பில் நடந்தால் செய்மதியும் கூட நடக்கும். நின்றால் நிற்கும். காற்று அடித்தால் உடையும், ஆனால் மேலே உள்ள மதி உடையாது. ஆகவே இது வேறு, அது வேறு. தண்ணீரின் ஓரத்தில் ஒரு தடி நட்டு, தள்ளி நின்று, கையை நீட்டித் தென்னோலை ஈர்க்குப் பிடித்து அளந்தேன். தடி மேலே எவ்வளவோ, தண்ணீருக்குள்ளும் அவ்வளவு. சாண் தடிக்கும் முழத் தடிக்கும் அப்படியே. ஆகவே நாலு விரல் தண்ணீரில் நின்றாலும் செய்மதி, மேலே உள்ள மதி எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.’

வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பண்டிதர் நாகமணியின் கூரை அதிர்ந்தது காதில் கேட்டது. மற்றவர்களும் சிரிக்கட்டும் என்று உரக்க வாசித்தேன், மேசைகள் எல்லாம் சிரித்தன. “ஏட்டுச் சுரைக்காய்” என்று யாரோ சொன்னார்கள். உண்மையில் ஏடு என்னிடம் இருந்தது, சுரைக்காய் அந்தப் பிள்ளையிடம் இருந்தது. சிவப்புப் பென்சிலால் பூச்சியம் போட்டு, சுற்றி ஒரு வட்டமும் கீறி, கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

சவரிமுத்து ஐயா சிரிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“செய் எண்டால் வயல்தானே. பிள்ளை பொய் சொல்லயில்லையே.”

“தமிழுக்குச் சரி, ஐயா. இது விஞ்ஞானம்.”

“அதுதான் உம்மட்டைக் கேக்கிறன். எனக்கு விளங்காத பாடம். அளந்தன் எண்டெல்லோ எழுதியிருக்கு. இது பிழையோ, இல்லாட்டி வேறை ஒரு கேள்விக்குச் சரியான மறுமொழியோ?”

இதைவிடத் தெளிவாக என்னை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. ஈர்க்கை நீட்டிப் பிடித்துத் தூரத்துப் பொருளை அளக்கும் அந்த முறை நில அளவையாளர் செய்வது என்று எனக்குத் தெரியும். கடைசி வசனம் நான் ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் கரும்பலகையில் கீறிய விதி என்றும் தெரியும். ‘வேறொரு கேள்விக்குச் சரி’ என்று சொன்னால், கேள்வி இரண்டு பொருள் தருகிறது என்று ஆகிவிடும். வினாவை நீக்கவேண்டிவரும். காரணம் கொழும்புக்குப் போகும். என் பெயர் இருந்த பட்டியலும் அங்கேதான் இருந்தது.

“பிழை, ஐயா,” என்றேன்.

“நீர் சொன்னால் சரி,” என்று அவர் சிறுகையெழுத்து வைத்தார். அவர் என்னை நம்பினார். 

இருபத்துமூன்றாம் இலக்கம் பதினோராவதாக வந்தது. பத்தாம் பிள்ளைக்கும் அதற்கும் மூன்று புள்ளி வித்தியாசம். ஏழாம் வினாவை நீக்கியிருந்தாலும் சரி, அந்த விடைக்கு நாலு புள்ளி போட்டிருந்தாலும் சரி, உள்ளே வந்திருக்கும். பெயர்ப்பட்டியல் திறந்தபோது பார்த்தேன். தவமணி, அக்கராயன், தகப்பன் வயல் செய்யும் கமக்காரர்.

பத்து நாள் கழித்துப் பண்டிதர் நாகமணி சைக்கிளில் கந்தோருக்கு வந்தார். மழையில் நனைந்திருந்தார். புள்ளிச் சீட்டை மடியிலிருந்து எடுத்து, நனையாமல் இருக்கிறதா என்று பார்த்து, என் மேசையில் விரித்தார்.

“ஏழாம் கேள்விக்குப் பூச்சியம் எண்டு கிடக்கு, ஐயா. பிள்ளை நல்லா எழுதினனான் எண்டு சொல்லுறாள். என்ன பிழை எண்டு அறிஞ்சால், அடுத்த முறை மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லலாம்.”

“விடைத்தாள் காட்ட விதியில்லை, பண்டிதர்.”

“காட்ட வேண்டாம். சொல்லிலை பிழையோ, அளவிலை பிழையோ, அதை மட்டும் சொல்லுங்கோ.”

“அதுவும் சொல்ல ஏலாது.”

அவர் சீட்டை மடித்தார். “சொல்லிலை பிழை இருக்காது,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். விதி இருந்தது உண்மை. ஆனால் எத்தனையோ விதியை நான் வளைத்திருக்கிறேன், குசினிக்குள் பெட்டியை ஒளித்தவன் நான். அன்று விதி எனக்கு வசதியாக இருந்தது.

மறுவருடம் அவருடைய பாடசாலைக்குப் போனேன். விஞ்ஞான மூலை இருந்தது. குருவிக்கூடு, குளவிக்கூடு, போத்தலில் பாம்பு. வயலின் பெயர்களை ஒருவரும் சொல்லவில்லை. சம்பவத் திரட்டில் ‘பாராட்டத்தக்க முன்னேற்றம்’ என்று எழுதினேன். அதற்கு அடுத்த வருடம் பண்டிதர் காலமானார்.

விடைத்தாள்களைக் குறித்த காலம் முடிய எரிப்பது வழக்கம். எரிக்கும்போது மேற்பார்வைக்கு நின்றவன் நான். இருபத்துமூன்றாம் இலக்கத்தை மட்டும் எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரியாது. வெளிநாட்டுப் பயணம் கடைசியில் வேறொருவருக்குப் போனது. சவரிமுத்து ஐயா ஓய்வுபெற்றுக் கரைக்குப் போய்விட்டார். ஆய்வுகூடம் நன்றாகவே நடந்தது. அந்தப் பத்துப் பிள்ளைகளில் இருவர் பல்கலைக்கழகம் போனார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலர் போடும் தம்பிமாரில் ஒருவரும் அந்தப் பத்துக்குள் ஒருவர்தான்.

அவர்கள் கேட்ட கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். சுற்றுநிருபம், பெட்டி, ஆய்வுகூடம் என்று நாலு பக்கம் ஓடியது. ஐந்தாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு, ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு, பஸ்ஸில் அக்கராயனுக்குப் போனேன்.

தவமணி தகப்பனின் காணியில்தான் இருந்தாள். கலியாணம் முடித்து இடுப்பில் ஒரு பிள்ளை. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள். “இன்ஸ்பெக்டர் ஐயா எல்லோ, வாங்கோ,” என்று, இருக்க ஒரு மர வாங்கு இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. தாளை நீட்டினேன். அவள் தன் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள்.

“நீங்களோ போட்டனீங்கள்?”

“ஓம், பிள்ளை. நான்தான். கேள்வி எழுதினதும் நான்தான். செய்மதி எண்டு நான் கேட்டது வானத்திலை விட்ட கோளை. அந்தச் சொல் உங்கடை ஊருக்கு வரயில்லை எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். நீர் எழுதினதிலை அந்தச் சொல் ஒண்டுதான் மாறினது. அளவு சரி. அந்த அளவுக்குப் புள்ளி போட்டிருக்க வேணும். போட்டிருந்தால் உமக்கு இடம் கிடைச்சிருக்கும்.”

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “அளவு சரியோ?” என்றாள்.

“முழுக்கச் சரி.”

“பண்டிதர் ஐயா மாறியெல்லோ சொன்னவர். செய் எண்டால் வயல்தான், சொல்லிலை பிழை வர ஏலாது, நீ அளந்ததிலைதான் எங்கையோ பிழை விட்டிருக்கிறாய் எண்டு.” அவள் குரல் உயரவில்லை. “அந்த மாரி முழுக்கத் திருப்பித் திருப்பி அளந்தனான். தடியை மாத்திப் பாத்தன். ஈர்க்கை மாத்திப் பாத்தன். தள்ளி நிண்டு பாத்தன், கிட்ட நிண்டு பாத்தன். ஒவ்வொருக்காலும் சரியாத்தான் வந்தது. பிழை எங்கையெண்டு பிடிக்க ஏலாமப் போச்சு.”

“பிறகு?”

“பிறகென்ன. என்ரை கண்ணிலைதான் பிழையாக்கும் எண்டு விட்டிட்டன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.  அவள் தாளை நாலாக மடித்து என்னிடமே தந்தாள். “பண்டிதர் ஐயா இருந்திருந்தால் அவருக்குக் காட்டலாம். நான் இதை வைச்சு என்ன செய்யிறது?” என்றாள். தேநீர் தந்தாள், குடித்தேன். பஸ் போய்விடும் என்று அவளே நினைவுபடுத்தினாள்.

வாய்க்கால் கரையால் திரும்பி வந்தேன். வயல்கள் உழுது, மட்டம் பார்த்து, தண்ணீர் கட்டிக் கிடந்தன. ஒரு வயலின் ஓரத்தில் வேலிக்கு நட்ட கதியால் தடி ஒன்று நின்றது. கரையில் விழுந்து கிடந்த தென்னோலையில் ஒரு ஈர்க்கை உரித்தேன். வரம்பில் தள்ளி நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தடியை மேலே அளந்தேன். பிறகு தண்ணீருக்குள் அளந்தேன். இத்தனை வருடம் அந்த விதியைப் படிப்பித்து, அதைப் படிப்பித்தவர்களைப் பற்றி அறிக்கை எழுதி, அதற்குப் புள்ளி போட்டவன். அதை நான் அளந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சரியாகத்தான் இருந்தது.